ஒரே ஆசிரியர் அறை, தனித்தனி வகுப்பறை

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் கொங்கு நாட்டின் எந்தப் பள்ளியிலும் உண்டு. மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டிவிடுகிறார்கள். அரையோடு இன்னொன்றைச் சேர்த்தும் விடை அரையைவிடக் குறைந்துபோனது அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஐந்தாம் வகுப்பு டீச்சர் சிவப்பு மையில் அடித்து, சரியான முறையைப் பக்கத்திலேயே எழுதித் தருகிறார். ஆறாம் வகுப்பில் வேறொருவர் அதையே செய்கிறார். ஒன்பதாம் வகுப்பில் எண்கள் போய் எழுத்துகள் வந்தபிறகு, எக்ஸும் ஒய்யும் அதே பழைய வழியில் கூட்டப்படுகின்றன. பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர், "அடிப்படையே இல்லாம அனுப்பிடறாங்க" என்று அலுத்துக்கொள்கிறார்.

நான்கு ஆசிரியர்கள், ஐந்து ஆண்டுகள், ஒரே தவறு. அவர்களில் இருவரோ மூவரோ ஒரே ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர்களாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்த நோட்டு அவர்கள் நடுவில் மேசைமேல் விரித்துவைக்கப்படுவதில்லை. பிள்ளை ஏன் அப்படி எழுதுகிறது, யார் எந்த இடத்தில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள், அடுத்த ஆண்டு எதை மாற்றிப் பார்க்கலாம் என்று பேசுவதற்கு அன்றாடத்தில் இடமே ஒதுக்கப்படவில்லை.

இதைச் சொன்னால் ஆசிரியர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். கூட்டத்துக்கு என்ன குறை என்பார்கள். குறுவள மையக் கூட்டம், வட்டார வள மையப் பயிற்சி, தலைமையாசிரியர் கூட்டம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், தேர்ச்சி ஆய்வுக் கூட்டம். போதாததற்கு ஒவ்வொருவர் கைப்பேசியிலும் பள்ளிக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று, பாடத்துக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று என்று வாட்ஸ்அப் குழுக்கள். சுற்றறிக்கை இரவு பத்து மணிக்கும் வந்து விழுகிறது. அவர்கள் சொல்வது சரிதான். இத்தனை கூட்டங்களில் எதிலும் கற்பித்தலைப் பற்றிய ஆசிரியரின் சொந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் ஏறுவதில்லை என்பதே இங்கே பேசவேண்டிய சங்கதி.

பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளை ஒரு கொத்தாக இணைத்து ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கட்டும் என்ற யோசனை புதிதல்ல. கோத்தாரி ஆணையம் 1966இல் தந்த அறிக்கையிலேயே பள்ளி வளாகம் என்ற பெயரில் அது இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதைத் திரும்பச் சொன்னது. மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்ததும் அதன் விளைவாகத்தான். 2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம் ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம், அதன் கீழே குறுவள மையங்கள் என்ற அமைப்பை நாடு முழுதும் கொண்டுபோனது. 2020ஆம் ஆண்டுக் கொள்கையிலும் பள்ளி வளாகம் வருகிறது. அறுபது ஆண்டுகளாகக் காகிதத்தில் குறையே இல்லை.

காகிதத்திலிருந்து இறங்கி ஒரு சனிக்கிழமை குறுவள மையத்துக்குப் போனால் காட்சி வேறு. அன்னூரானாலும் சுல்தான்பேட்டையானாலும் நடப்பு ஏறக்குறைய ஒன்றே. ஏதோ ஒரு பள்ளியின் பெரிய வகுப்பறை, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் கால் மடக்கி உட்கார்ந்த ஆசிரியர்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. சென்னையிலிருந்து வந்த கருத்துரை புரொஜெக்டரில் ஓடுகிறது. கருத்தாளராக நியமிக்கப்பட்டவரும் அதே ஒன்றியத்து ஆசிரியர்தான். அவர் மாவட்டத்தில் கேட்டதை இங்கே சொல்கிறார், மாவட்டக் கருத்தாளர் மாநிலத்தில் கேட்டதை அங்கே சொன்னார். குழுச் செயல்பாடு என்று சார்ட் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் தரப்படுகின்றன. வரைந்த சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்று போட்டோ எடுத்து மேலே அனுப்பியாக வேண்டும். பின்பெஞ்சில் சன்னமாக ஒரு உரையாடல் நடக்கும்:

"ஏனுங்க சார், உங்க ஸ்கூல்ல அந்த ஒடியாப் பசங்க எத்தனை பேருங்க?"

"பதினோரு பேருங்க டீச்சர். அதுல நாலு பேருக்குத் தமிழே தெரியாதுங்க. நானே கொஞ்சம் படம் வரைஞ்சு அட்டை செஞ்சிருக்கேன்."

அன்று நடந்த ஒரே உருப்படியான தொழில்பேச்சு அதுவாகத்தான் இருக்கும். கருத்தாளர் "பின்னாடி கொஞ்சம் அமைதி" என்று சொன்னதும் அதுவும் நின்றுவிடும்.

செயல்வழிக் கற்றலின் கதையை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். 2003ஆம் ஆண்டுவாக்கில் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த விஜயகுமாரின் முயற்சியில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்துவந்து, உட்கார்ந்து பேசி, அட்டைகளைத் தாங்களே உருவாக்கினார்கள். வகுப்பில் போட்டுப் பார்த்துத் திருத்தினார்கள். ஒரு பாடத்தைச் சிறு படிகளாக எப்படி உடைப்பது என்று ஆசிரியர்கள் கூடி யோசித்த அரிய தருணம் அது. 2007-08இல் அத்திட்டம் மாநிலம் முழுமைக்கும் விரிந்தபோது மற்றவர்களுக்கு வந்து சேர்ந்தது அச்சிட்ட அட்டைகள் மட்டும். அட்டையைச் செய்தவர்கள் பெற்ற பயிற்சி அட்டையைப் பெற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2018இலிருந்து வந்த புதிய பாடநூல்களின் கதையும் இதுவே: எழுதும் பணிக்கு அழைக்கப்பட்ட ஆசிரியர்கள் மாதக்கணக்கில் பேராசிரியர்களோடு வாதாடி வளர்ந்தார்கள், ஏனையோர் புத்தகக் கட்டைப் பிரித்தார்கள். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் கையேடு கைக்கு வருகிறது. அதைக் கூடிச் செய்யும் வாய்ப்பு சிலருக்குத்தான் வாய்க்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் ஆசிரியத் தொழிலைப் பற்றி எழுதிய நூல் இத்துறையில் இன்றும் பேசப்படுவது. பள்ளியின் அமைப்பை அவர் முட்டை அடுக்கும் அட்டைக்கு ஒப்பிட்டார். நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஒவ்வொன்றும் தன் குழிக்குள், ஒன்றோடொன்று உரசாமல், உடையாமல். உரசாமல் இருப்பது முட்டைக்கு நல்லது. ஆசிரியருக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் லார்ட்டி ஆராய்ந்தார். மாணவராக உட்கார்ந்து பார்த்த கற்பித்தலையே ஆசிரியரானபின் திரும்பச் செய்கிறார்கள், வேறு எதையும் அவர்கள் பார்க்க வாய்ப்பில்லாததால் என்றார்.

தமிழ்நாட்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பி.எட். படிக்கும்போது ஒருவர் பாடம் நடத்த, சக மாணவர்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்து, முடிந்ததும் குறைநிறை சொல்கிறார்கள். பணியில் சேர்ந்த நாளோடு அது முடிந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் வகுப்புக்குள் பெரியவர் ஒருவர் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தால் அவர் வட்டாரக் கல்வி அலுவலராகவோ ஆய்வுக் குழுவினராகவோ இருப்பார். பார்வை என்றாலே ஆய்வு, ஆய்வு என்றாலே குறிப்பு, குறிப்பு என்றாலே விளக்கம் கேட்பு. இந்தப் பழக்கத்தில் ஊறியவரிடம் போய், "நாளைக்கு உங்க வகுப்புல வந்து உட்காரட்டுங்களா?" என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் கேட்டால் அவர் மனதில் முதலில் எழுவது சந்தேகம்தான்.

நேரமும் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேர வேலையை வகுக்கிறது. தயாரிப்பு நேரமும் அதற்குள் அடக்கம். தயாரிப்பைத் தனியாகவே செய்யவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, கூடிச் செய்ய இடம் ஒதுக்கவும் இல்லை. நடைமுறையில் கால அட்டவணையில் தெரியும் ஓய்வுப் பாடவேளை காலை ஒன்பதரைக்கே காணாமல் போய்விடும். யாரோ விடுப்பு, யாரோ தேர்வுப் பணி, யாரோ வங்கிக்குப் போயிருக்கிறார். தலைமையாசிரியர் ஒரு துண்டுச் சீட்டில் அட்ஜஸ்ட்மென்ட் எழுதி அனுப்புகிறார். எஞ்சிய நிமிடங்களைத் தகவல் மேலாண்மைத் தளமான எமிஸ் எடுத்துக்கொள்கிறது: வருகை, உடல்நலப் பதிவு, தேர்வு மதிப்பெண், விலையில்லாப் பொருட்கள். இந்தப் பதிவேற்றச் சுமையைக் குறைக்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் போராடியதும் உண்டு. மாலை நாலேகாலுக்கு மணி அடித்ததும் பஸ். கோவை நகரத்திலிருந்து கிணத்துக்கடவுக்கும் காரமடைக்கும் போய்வருகிறவர்கள் நால்வராகச் சேர்ந்து ஒரு காரில் போவது இப்போது பெருகியிருக்கிறது. தினம் ஒன்றரை மணி நேரம் ஒரே காரில் இருக்கும் அந்த நால்வர்தான் மாவட்டத்திலேயே அதிகம் கூடிப் பேசும் ஆசிரியர் குழுவாக இருக்கவேண்டும். அகவிலைப்படியும் பிள்ளையின் நீட் பயிற்சியும் பேசி முடித்தபின் மிச்ச தூரத்துக்கு அவ்வப்போது பாடமும் வரும்.

ஆசிரியர் அறைக்குள்ளே இருக்கும் படிக்கட்டுகளையும் சொல்லாமல் விட முடியாது. இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், முதுநிலை ஆசிரியர் என்ற அடுக்கு ஊதியத்தோடு நிற்பதில்லை. யார் யாருக்கு யோசனை சொல்லலாம் என்பதையும் அது தீர்மானிக்கிறது. 2009 ஜூன் 1ஆம் தேதிக்கு முன் நியமனமான இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றிருக்க, அதற்குப் பின் வந்தவருக்கு 5,200 என்று தொடங்கியது. ஒரே தகுதி, ஒரே வேலை, பக்கத்துப் பக்கத்து வகுப்பு. சம வேலைக்குச் சம ஊதியம் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிவருகிறார்கள். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்ற பாடங்களுக்கு மாதம் 5,000 ரூபாயில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வந்துபோகும் ஓவிய ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது எப்படி? தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கு மாநில அளவிலான முன்னுரிமையைக் கொண்டுவந்த 2023 டிசம்பர் அரசாணை 243 சங்கங்களையே எதிரெதிராக நிறுத்தியது. போராட்டம் என்று வந்தால் ஜாக்டோ-ஜியோ என்ற ஒரே குடையின் கீழ் மாவட்டத் தலைநகரை நிறைக்கத் தெரிந்தவர்கள்தான் இவர்கள். சேர்ந்து நிற்கும் பழக்கம் இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்தப் பழக்கம் கோரிக்கைப் பட்டியலோடு நின்றுபோவது ஏன் என்று சங்கங்களும் தங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

கொங்கு நாட்டுக்கென்று தனியான காரணம் ஒன்றும் இருக்கிறது. அதற்கு இங்கே பெயர் "ரிசல்ட்".

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் ஒரு காலத்தில் மாநிலத்தின் தரவரிசைப் பட்டியலையே தங்கள் வசம் வைத்திருந்தன. பிராய்லர் பள்ளிகள் என்று மற்ற மாவட்டத்தார் கேலி செய்தார்கள், கேலி செய்துகொண்டே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாவிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே உருப்போட வைத்த பள்ளிகளைப் பற்றிய புகார் வலுத்துத்தான் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2017-18இல் வந்தது. 2017இல், கோபிசெட்டிபாளையத்துக்காரரான செங்கோட்டையன் கல்வி அமைச்சராக இருந்தபோது மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பது நிறுத்தப்பட்டது. ஆனால் மாவட்டத் தேர்ச்சி விழுக்காடு நிற்கவில்லை. 2020இல் பிளஸ் டூ தேர்ச்சியில் திருப்பூர் 97.12 விழுக்காட்டோடு முதலிடம், 2024இலும் 97.45 விழுக்காட்டோடு அதே திருப்பூர், ஒட்டினாற்போல் ஈரோடு. பெருமைப்பட வேண்டியதுதான். அந்தப் புள்ளிவிவரம் மாவட்டத்திலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து பாடத்துக்கும், பாடத்திலிருந்து ஒரு தனி ஆசிரியரின் பெயருக்கும் இறங்கி வரும்போதுதான் சிக்கல். ஆய்வுக் கூட்டத்தில் குறைந்த விழுக்காடு வாங்கிய பாடத்தின் ஆசிரியர் எழுந்து நிற்கிறார். நூறு விழுக்காடு காட்டியவருக்குக் கைத்தட்டல். யாரும் "எனக்கு இந்தப் பாடம் நடத்த வரவில்லை, உதவுங்கள்" என்று சொல்லக்கூடிய இடம் அல்ல அது. நல்ல முறையைக் கண்டுபிடித்தவருக்கும் அதைப் பக்கத்துப் பள்ளிக்குச் சொல்ல என்ன தூண்டுதல்? கொடுக்கல் வாங்கல் நடப்பதெல்லாம் வினா வங்கியும், ஒரு மதிப்பெண் வினாத் தொகுப்பும், மெல்லக் கற்போர் கையேடும்தான். பி.டி.எஃப். தாராளமாகப் பறக்கிறது. அதை வைத்து என்ன செய்தேன், எந்தப் பிள்ளைக்கு எது ஏறவில்லை என்ற குறிப்பு கூடவே வருவதில்லை.

போட்டி இருந்தால் பகிர்வு இருக்காது என்று இதற்குச் சமாதானம் சொல்கிறவர்கள் கோவை அவிநாசி சாலையில் இருக்கும் சிட்ராவை எட்டிப் பார்க்கலாம். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கம் 1956இல் தொடங்கியது. ஒன்றுக்கொன்று போட்டியான நூற்பாலைகள் தங்கள் உற்பத்தி, செலவு, தொழிலாளர் திறன் பற்றிய விவரங்களை அந்தச் சங்கத்திடம் தந்தன; சங்கம் ஆலைகளை ஒப்பிட்டு ஆய்வறிக்கை தந்தது. தன் ஆலை எந்த இடத்தில் பின்தங்குகிறது என்று முதலாளிக்குத் தெரிந்தது, அதற்காக அவரை யாரும் எழுப்பி நிறுத்தவில்லை. காசு பார்க்கும் தொழிலில் எதிரெதிர்க் கடைக்காரர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டை, காசே பார்க்காத அரசுப் பள்ளிகள் செய்துகொள்ளாதது விந்தைதான்.

தனியார் பள்ளிகளின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சி.பி.எஸ்.இ. வாரியம் 1986-87 முதல் சகோதயா என்ற பெயரில் பள்ளிக் கூட்டமைப்புகளை ஊக்குவித்துவருகிறது. ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சியும் கட்டாயம். பாடவாரியாகத் துறைத் தலைவரும் வாராந்தரக் கூட்டமும் பெரிய பள்ளிகளில் உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசி போர்ஷன் முடிந்ததா என்ற கணக்கே. ஒவ்வொரு மே மாதமும் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் மூன்று ஆண்டு சேர்ந்து வேலை பார்த்த அணி என்று ஒன்று உருவாவதே அபூர்வம்.

இந்த மண்ணில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே வளாகத்தில் வாழ்ந்த குருகுலப் பள்ளி அது. ஈரோட்டுப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசிலிருந்து வந்த பெரியசாமித் தூரன் அங்கே ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்தவர். பிறகு அவர் சென்னையில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராகி, நூற்றுக்கணக்கான அறிஞர்களிடம் கட்டுரை வாங்கி, திருத்தி, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளைக் கொண்டுவந்தார். பலரை ஒரு வேலையில் இணைக்கும் பொறுமையை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எங்கே கற்றிருப்பார் என்று கேட்டால், வித்யாலயத்தைக் கைகாட்டத் தோன்றுகிறது. இது ஊகம்தான்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், காரமடை ஒன்றியத்து ராமம்பாளையம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சின்னஞ்சிறு பள்ளி நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் பெரிதாகப் பேசப்பட்டது. தலைமையாசிரியையும் உதவி ஆசிரியரும் சேர்ந்து, சொந்தப் பணத்தையும் போட்டு, வகுப்பறையைத் தனியார் பள்ளிக்கு ஈடாக மாற்றினார்கள். வெளியூர்களிலிருந்து ஆசிரியர்கள் பார்க்கப் போனார்கள். செய்திகளில் அதிகம் இடம்பிடித்தது டைல்ஸ் பதித்த தரையும் கணினியும். இரண்டே பேர் இருந்த பள்ளியில் தலைமைக்கும் உதவிக்கும் இடையிலான மரியாதைத் தடுப்பைத் தாண்டி அன்றாடம் எப்படித் திட்டமிட்டார்கள், கருத்து வேறுபட்டால் என்ன செய்தார்கள் என்பதை யாரும் விரிவாக எழுதி வைக்கவில்லை. அடுத்தவர் எடுத்துக்கொண்டு போகக்கூடிய பாடம் அதுதான். தரைக்கு டைல்ஸ் போட எந்த மேஸ்திரிக்கும் தெரியும்.

மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம் எழுதிவைத்தது. 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி 1978இல் மாவட்டம் முழுதும் பரவிய அத்திட்டத்தில் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை அருகிலுள்ள மையப் பள்ளியில் கூடினார்கள். கடந்த மாதம் எந்தச் சோதனை வேலை செய்யவில்லை, பிள்ளைகள் என்ன கேட்டார்கள், நமக்கே விடை தெரியாமல் போன கேள்வி எது என்பவைதான் பேச்சு. அந்தப் பேச்சு பாடநூலின் அடுத்த பதிப்பில் போய்ச் சேர்ந்தது. தாங்கள் சொன்னது அச்சில் வருவதைப் பார்த்த ஆசிரியர் அடுத்த மாதமும் வந்தார். 2002இல் அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. கர்நாடகத்தின் சுர்பூர் பகுதியில் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை முயன்ற தன்னார்வ ஆசிரியர் மன்றங்களும் ஏறத்தாழ இதே வழி: வருகைப் பதிவேடு கிடையாது, விருப்பப்பட்டவர் பள்ளி முடிந்தபின் வரலாம். தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கம் குழந்தைகள் அறிவியல் மாநாட்டை முன்னிட்டு ஆசிரியர்களை இப்படித் திரட்டிவந்திருக்கிறது. சங்க வேறுபாடும் பதவி அடுக்கும் மறந்து, ஊர்க் குளத்து நீரை எப்படிச் சோதிப்பது என்று கொங்கு ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசும் சில இடங்களில் அது ஒன்று.

ஜப்பானில் பாடத்தைக் கூடித் திட்டமிடுவது நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். சில ஆசிரியர்கள் ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் சேர்ந்து திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் வகுப்பில் நின்று நடத்துகிறவரைப் பார்ப்பதில்லை, பிள்ளைகளின் நோட்டைப் பார்ப்பார்கள். பிறகு பேசி, பாடத்தைத் திருத்தி, இன்னொரு வகுப்பில் இன்னொருவர் நடத்துவார். பாடம் எல்லோருடையதும் என்பதால் அது சரியாக வராவிட்டால் தலைகுனிவு ஒருவருக்கு மட்டும் இல்லை. ஷாங்காயில் ஒவ்வொரு பாடத்துக்கும் கற்பித்தல் ஆய்வுக் குழு பள்ளிக்குள்ளேயே இயங்குகிறது. அதற்கு நேரம் கிடைக்க, ஆசிரியர் வகுப்பெடுக்கும் மணிகள் நம்மைவிட வெகு குறைவாக வைக்கப்பட்டுள்ளன. பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பிசா தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் உலகத்தில் முதலிடம் பிடித்தது ஷாங்காய். அதே சுற்றின் நீட்சியாகத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் எழுதின. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது இரண்டும் பட்டியலின் அடியில் இருந்தன. இந்தியா அடுத்த சுற்றுகளுக்குப் போகவில்லை. ஷாங்காயின் முதலிடத்துக்கு ஆசிரியர் கூட்டுழைப்பு ஒன்றே காரணம் என்பது மிகை. பெரிய வகுப்பும் தேர்வு மோகமும் உள்ள ஓர் ஆசியச் சமூகத்திலும் அதற்கு நேரம் ஒதுக்க முடிந்தது என்ற அளவில் அது நமக்குச் சான்று.

அப்படியே எடுத்துவந்து ஆணை போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் எச்சரிக்கை இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குத் தரப்பட்ட தயாரிப்பு நேரத்தை ஆண்டி ஹார்கிரீவ்ஸ் ஆராய்ந்தார். நிர்வாகம் நாளும் நேரமும் பொருளும் குறித்து "கூடிப் பேசுங்கள்" என்று கட்டாயப்படுத்திய இடங்களில் ஆசிரியர்கள் உட்கார்ந்தார்கள், படிவத்தை நிரப்பினார்கள், எழுந்து போனார்கள். 1994இல் வெளியான நூலில் அதைச் செயற்கையான தோழமை என்ற பொருளில் அவர் குறித்தார். நமது சனிக்கிழமைக் கூட்டத்தைப் பார்க்காமலே அதைப் படம் பிடித்துவிட்டார் என்று தோன்றும். ஆகவே தீர்வு இன்னொரு சுற்றறிக்கையில் இல்லை. நேரத்தைத் துறை தரவேண்டும், பேசுபொருளை ஆசிரியர் வைக்கவேண்டும், பேசியது மேலே போகக்கூடாது. இம்மூன்றில் கடைசி ஒன்றைத்தான் அதிகாரிகள் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போட்டோ வராத கூட்டம் நடந்ததாகவே கணக்கில்லை.

கொங்கு நாட்டில் பேசுபொருளுக்குப் பஞ்சமில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோவை வார்ப்பட ஆலைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் வந்த பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் இந்தி, போஜ்புரி, ஒடியா, வகுப்பில் தமிழ். இதற்குக் கையேடு எழுதிய முன்னோடி யாரும் இல்லை. ஒரு டீச்சர் மூத்த பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைக்கிறார். இன்னொருவர் படஅட்டை செய்கிறார். மற்றொருவர் தானே நாலு இந்தி வார்த்தை கற்றுக்கொண்டிருக்கிறார். எது பலித்தது, எது ஆறு மாதத்தில் கைவிடப்பட்டது என்பது ஒவ்வொருவர் தலைக்குள்ளும் தனித்தனியே கிடக்கிறது. பணி மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு ஊருக்குப் போகும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது. பல ஆயிரம் மாணவியர் படிக்கும் திருப்பூர் ஜெய்வாபாய் மாநகராட்சிப் பெண்கள் பள்ளியில் ஒரு பாடத்துக்கே பேசிக்கொள்ளப் பல ஆசிரியர்கள் இருப்பார்கள். வால்பாறை எஸ்டேட் பள்ளியிலும் தாளவாடி, பர்கூர் மலைப் பள்ளிகளிலும் இருவரே. ஒருவர் விடுப்பு என்றால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். இவர்களுக்குக் கூட்டாளி என்பவர் அடுத்த மலையில் இருக்கிறார். கோவை மாவட்டத்துக்கென்று அமைந்த பயிற்சி நிறுவனமோ உடுமலையைத் தாண்டித் திருமூர்த்தி நகரில் போய் உட்கார்ந்தது. மேட்டுப்பாளையத்து ஆசிரியருக்கு அது நூறு கிலோமீட்டருக்கு மேல். 2009இல் திருப்பூர் மாவட்டம் பிரிந்தபோது அந்த இடமும் மாவட்ட எல்லைக்கு அப்பால் போனது.

எல்லாவற்றையும்விட எளிதாகத் தொடங்கக்கூடியது ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் இடையில் இருக்கிறது. பல ஊர்களில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியும் அரசு மேல்நிலைப் பள்ளியும் ஒரே வீதியில் நிற்கின்றன. ஒன்று தொடக்கக் கல்வித் துறையைச் சேர்ந்தது, மற்றது பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தது. ஜூன் மாதம் பிள்ளை வீதியைக் கடக்கும்போது மாற்றுச் சான்றிதழும் எமிஸ் எண்ணும் கூடப் போகின்றன. எந்தப் பிள்ளை தமிழில் சரளமாகப் படிக்கும், எது எழுத்துக் கூட்டும், யார் பின்னத்தில் மேலையும் கீழையும் கூட்டுவார் என்று ஐந்து ஆண்டு பார்த்தவருக்கு மனப்பாடம். ஆறாம் வகுப்பு ஆசிரியர் அதைத் தானாகக் கண்டுபிடிக்கத் தீபாவளி வந்துவிடும். இருவரும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அப்படி உட்காரக் கூடாது என்று எந்த அரசாணையும் இல்லை. யாராவது தலைமையாசிரியர் வீதியைக் கடந்து போய் எதிர்ப் பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்கவேண்டும், அவ்வளவே. பெரும்பாலான ஊர்களில் இன்னும் கேட்கவில்லை.